சண்டைக்கு நடுவுல தண்டவாளம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்ல எரிச்சுப் போட்ட ரயில் பாலத்தை எல்லாம் சில நாள்லயே திரும்ப கட்டுனாங்களாமே, கிரேன் இல்லாம, தேறுன ஆளும் இல்லாம எப்படிங்க முடிஞ்சுது? (பொன்மலை வாசகர்)

பொன்மலைக்காரர்கிட்ட இருந்து ரயில் கேள்வி வர்றதே தனி சந்தோஷம். நீங்க படிச்சது நிஜம்தான்.

அடிமை முறையை விடாம பிரிஞ்சு போன தென் மாநிலங்களுக்கும் வடக்குல இருந்த அமெரிக்க அரசாங்கத்துக்கும் நடந்த சண்டை அது. 1862 ஏப்ரல்ல வடக்கு அரசாங்கத்தோட போர் மந்திரி ஸ்டான்டன், ஹெர்மன் ஹாப்ட்னு ஒரு ரயில்வே இன்ஜினியரைக் கூப்பிட்டு விட்டாரு. வர்ஜீனியாவுல அக்வியா க்ரீக்ல இருந்து ஃப்ரெடரிக்ஸ்பர்க் போற லைனை தென்பக்கத்துப் படை பின்வாங்கும்போது சுத்தமா நாசம் பண்ணிட்டுப் போயிருந்தது, மூணு மைல் தண்டவாளத்தைப் பேத்தாச்சு, பாலம் எல்லாம் சாம்பல். ஹாப்ட் கையில கொடுத்த ஆளுங்க யாருன்னா காலாட்படை சிப்பாய்ங்க, பாதிப் பேருக்கு மேல மரவேலையே தெரியாது, நிறைய பேருக்கு உடம்பு வேற சரியில்ல, விடாத மழை, கருவிகளும் பத்தல. இருந்தும் மூணு நாள்ல ட்ராக்கைப் போட்டுட்டாங்க, அக்ககீக் ஓடைப் பாலத்தை சுமார் 15 மணி நேரத்துல நிறுத்திட்டாங்க.

பெரிய தலைவலி பொடோமாக் க்ரீக்ங்கற ஓடை மேல இருந்த பாலம். சுமார் 400 அடி நீளம், 80 அடி உயரம். அறுத்த பலகைக்குக் காத்திருந்தா படை நகராது, அதனால பக்கத்துக் காட்டுலயே மரத்தை வெட்டி பட்டையைக் கூட உரிக்காம பச்சையா அப்படியே தூக்கி வச்சாங்க. அடியில கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி கூடு மாதிரி கட்டி, அது மேல மூணு அடுக்கு மரச்சட்டம். அவ்ளோ உயரத்துல ஏறி கயித்தைப் பிடிச்சு வேலை செய்ய தைரியம் இருந்தவங்க கொஞ்ச பேர்தான், அந்தக் கொஞ்ச பேரை வச்சே ஒன்பது வேலை நாள்ல முடிச்சாரு. ஜனாதிபதி லிங்கன் நேர்ல வந்து பார்த்துட்டு, வெறும் அவரைக்குச்சியும் சோளத்தட்டையும்தான் இருக்கு, அது மேல லோடு ரயில் மணிக்கு மணி ஓடுதுன்னு அசந்து போய் சொன்னாரு.

அந்த அனுபவம் வீண் போகல. ரிப்பேருக்குன்னே கட்டுமானப் படை ஒண்ணு உருவாச்சு, 1864ல அட்லான்டா பக்கம் சட்டஹூச்சி ஆத்துல 780 அடி நீளம் 92 அடி உயரப் பாலத்தை நாலரை நாள்ல கட்டுனது அவங்கதான். எனக்கு ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மலைப்பா இருக்கு.

கேள்வி: அப்போ தென்பக்கத்துல ஏன் இதே மாதிரி செய்ய முடியல? (மதுரை வாசகி)

இரும்பு இல்லம்மா. ரிச்மண்ட்ல ட்ரெடகர்னு பெரிய இரும்பாலை இருந்துச்சு, அது பீரங்கி பண்ணப் போயிடுச்சு. கடலை வடக்குக் கப்பல்கள் மறிச்சு நின்னதால இங்கிலாந்து தண்டவாளமும் வர்ற வழி இல்ல. அதனால கிளை லைனைப் பேத்து மெயின் லைனுக்குப் போட்டாங்க, 1863ல எந்த லைனைப் பேக்கலாம்னு முடிவு பண்ணவே ஒரு கமிஷன் போட வேண்டியதாச்சு, லைனோட சொந்தக்காரங்க கோர்ட், கெஞ்சல், சண்டைன்னு நின்னாங்க. ஒரு ஊருக்கு ரயில் ஓட இன்னொரு ஊர் ரயிலை இழந்துச்சு, அது ரிப்பேரே இல்லன்னுதான் நான் சொல்வேன்.

ஆள் விஷயம் இன்னும் முக்கியம். அங்க ட்ராக் வேலை பெரும்பாலும் அடிமைகள் தலையிலதான், கம்பெனிங்க எஜமானர்கள்கிட்ட வாடகைக்கு எடுப்பாங்க. சண்டை பக்கத்துல வந்தா எஜமானருங்க அனுப்ப மாட்டாங்க. தேறுன மெக்கானிக்குங்களையும் பட்டாளம் இழுத்துக்கிச்சு. அந்த அடிமைகள்ல தப்பிச்சு வடக்குப் படை பக்கம் ஓடி வந்தவங்கள்ல நிறைய பேர் ஹாப்ட்டோட கட்டுமானப் படையில சேர்ந்தாங்க, ராத்திரி பகல் பாக்காம உழைச்சாங்கன்னு அவரே பாராட்டி எழுதி வச்சிருக்காரு. அதாவது தெற்கு எந்தக் கையை நம்பி ரயில் ஓட்டுச்சோ அதே கைதான் வடக்குக்குப் பாலம் கட்டுச்சு. ஜெனரல்கள் பேரை மட்டும் பாடமா படிக்கிற நமக்கு இது கட்டாயம் தெரியணும்.

கேள்வி: தண்டவாளத்தை சூடு பண்ணி மரத்துல சுத்தி விடுவாங்களாமே, அதோட அது வீண்தானா? (கோவை வாசகர்)

முழுசா வீண் இல்ல. சும்மா வளைஞ்ச தண்டவாளத்தைத் திரும்பவும் நெருப்புல போட்டு அடிச்சு நேராக்கிடலாம், ரெண்டு பக்கமும் அதைத்தான் செஞ்சாங்க. அதனாலதான் ஹாப்ட்டோட ஆளு ஸ்மீட், தண்டவாளத்தை முறுக்கவே ஒரு சின்ன இரும்புக் கொக்கி கண்டுபிடிச்சாரு. முறுக்குனதை சுத்தியால சரி பண்ண முடியாது, உருக்காலைக்குப் போய் திரும்ப உருட்டினாத்தான் உண்டு. தெற்குல அதுக்கு வசதி இருந்த ஆலைங்க ரொம்பக் கம்மி, அதுல முக்கியமான அட்லான்டா ஆலையும் 1864 செப்டம்பர்ல, தெற்குப் படையே ஊரை விட்டுக் கிளம்பும்போது வெடிமருந்து ரயிலைக் கொளுத்துனதுல நாசமாப் போச்சு.