ஏயூஜியா, எக்ஸ்95ஆ? இரண்டையும் வைத்திருந்தவன் சொல்கிறேன்

ஸ்டேயர் ஏயூஜி, டேவோர் எக்ஸ்95, இந்த இரண்டு புல்பப் ரைஃபிள்களில் எதை வாங்கலாம், சொந்தமாக வைத்திருந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருந்து கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பப்ஜி ஏர்டிராப்பில் ஏயூஜி கிடைத்த குஷியில் ஊரிலிருந்து கேட்கிற தம்பி என்றால், இந்த ரகத்துக்கெல்லாம் இங்கே சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காது, ஆசையை விட்டுவிடுங்கள்.

நான் டெக்சாஸில் வேலை பார்த்தபோது இரண்டையும் வைத்திருந்தேன், கோத்தகிரிக்குத் திரும்பும்போது விற்றுவிட்டேன். உடனே துப்பாக்கி வெறியன் என்று கிளம்பாதீர்கள். காகிதத்தையும் இரும்புத் தட்டையும் தவிர நான் எதையும் சுட்டதில்லை.

என்னைக் கேட்டால் எக்ஸ்95தான். புல்பப்பில் தோட்டா நிரப்பும் மேகசினும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டும் டிரிகருக்குப் பின்னால், தோளில் வைக்கிற கட்டைக்குள்ளேயே இருக்கும். அதனால் குழலைக் குறைக்காமலே மொத்த நீளம் குறைகிறது. அமெரிக்காவில் குழல் 16 அங்குலத்துக்குக் கீழேயோ மொத்த நீளம் 26க்குக் கீழேயோ போனால் தனிப் பதிவு, தனி அலைச்சல். எக்ஸ்95 16.5 அங்குலக் குழலோடு 26ஐ மயிரிழையில் தாண்டி நிற்கும், ஏயூஜி 28 சொச்சம். எடை இரண்டும் மூன்றரைக் கிலோ பக்கம், விலையும் 2,000 டாலரைச் சுற்றித்தான். ஆக இந்தக் கணக்கில் முடிவு வராது.

முடிவு வருவது மேகசின் மாற்றும்போது. ஏயூஜியில் மேகசினைக் கழற்றும் பித்தான் மேகசினுக்குப் பின்னால், கிட்டத்தட்ட அக்குளில் இருக்கிறது. இடது கையை மடக்கி அங்கே கொண்டுபோய், அழுத்திக்கொண்டே உருவி, புதியதைச் சொருகி, திரும்ப முன்னால் போய்க் கைப்பிடியை இழுத்துவிட வேண்டும். எக்ஸ்95இல் பித்தான் டிரிகருக்குப் பக்கத்திலேயே, விரலை நீட்டினால் மேகசின் தானாக விழும். புதியதைச் சொருகியதும் அதே கையின் கட்டைவிரல் போல்ட் பித்தானைத் தட்டிவிடும். அதற்கு ஏ.ஆர்.15 என்ற பிரபல அமெரிக்க ரைஃபிளின் மேகசினே போதும், எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஏயூஜியின் சாதாரணக் கட்டைக்கு அதன் சொந்த மேகசின்தான் வேண்டும். உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், அழகுதான், விலையும் அழகு.

ஏயூஜி ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 1977இல் ஆஸ்திரியப் படை எடுத்துக்கொண்ட துப்பாக்கி, இன்னும் பழசாகத் தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பித்தானை அழுத்தித் திருகினால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும், துடைக்க அவ்வளவு சுகம். ஆனால் டிரிகர்? புல்பப்பில் டிரிகருக்கும், தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டுகிற சுத்தியலுக்கும் நடுவே நீளமான கம்பி ஓடுவதால் இழுவை கொழகொழவென்றுதான் இருக்கும், இரண்டிலும். ஏயூஜியில் சுத்தியலே பிளாஸ்டிக். எக்ஸ்95 கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சுடும்போது வாயு கண்ணுக்குக் கீழேயே கசிவதும் இரண்டுக்கும் பொது.

"புல்பப் நல்லதென்றால் பிரான்ஸ் ஏன் தன் புல்பப்பான ஃபாமாஸை விட்டு, புல்பப் அல்லாத எச்.கே.416க்குப் போனது?" என்று கேட்பவர்களுக்கு, படை வாங்குவது வேறு, நாம் சனிக்கிழமை ரேஞ்சுக்கு எடுத்துப்போவது வேறு. நம் சி.ஆர்.பி.எஃப்.பிலும் எக்ஸ்95 இருக்கிறது.

லைசென்ஸ் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அப்பாவிடம் ஒரு 12 போர் இரட்டைக்குழல், தோட்டக் காவலுக்கு என்று வாங்கியது. தேர்தல் அறிவிப்பு வந்தால் போதும், கொண்டுவந்து ஒப்படை என்பார்கள். மழைக்காலத்து ஈரத்தில் ஸ்டேஷன் மூலையில் கிடந்து குழல் முழுக்கத் துரு ஏறித் திரும்பி வந்தது, கேட்டதற்கு "எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றார்கள். அந்த மாதங்களில் காட்டுப்பன்றி விடுமுறை எடுக்குமா? ஒரே ராத்திரியில் ஒரு உருளைக்கிழங்குப் பாத்தி காலி. குடகில் குடவர்களுக்கு லைசென்ஸே வேண்டாமாம், 2029 வரை சலுகை. இங்கே தமிழ்நாட்டில் 2025இல் ஒரு ஆணை போட்டார்கள், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று. நீலகிரியில் காட்டைவிட்டு 3 கிலோமீட்டர் தள்ளி எந்த ஹட்டி இருக்கிறது, காட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு ஒன்று பாக்கி. நீங்கள் இடக்கைக்காரர் என்றால் இரண்டுக்குமே இடப்பக்க போல்ட் தனியாக வாங்க வேண்டும். மாற்றாமல் இடது தோளில் வைத்தால் சூடான தோட்டா ஓடு முகத்தில்தான் அடிக்கும். கடையில் விலை பேசும்போதே அந்த போல்ட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.