20 லீற்றர் பியருக்கு ஒரு லீற்றர் ஈஸ்ட் ஸ்டார்ட்டர் போதுமா?

போதாது. ஸ்டார்ட்டர் என்றால், பியருக்குள் போடுமுன் ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசல். ஈஸ்ட் பக்கற்றில் அச்சடித்திருக்கும் கலங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு லீற்றர் கிட்டத்தட்டச் சரிவரும்போல இருக்கும். ஆனால் அது ஈஸ்ட்டை அடைத்த நாளின் எண்ணிக்கை. கொழும்புக்கு வந்து உங்கள் கைக்குக் கிடைத்த அன்று அதில் எத்தனை உயிரோடு இருந்தது என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவு: 20 லீற்றர் ஏல் (சாதாரண வெப்பத்தில் நொதிக்கும் பியர்), நொதிக்குமுன் ஆரம்ப அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000), இரண்டு மாதம் பழைய திரவ ஈஸ்ட் பக்கற் ஒன்று. மிச்சத்தை நானே ஊகிக்கிறேன். மாடிக் குடியிருப்பு, பகலில் குசினி 30 பாகை, காந்தக் கலக்கி இல்லை, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு உங்களுக்கு. இலங்கையில் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் தயாரிப்பது சட்டவிரோதம். அதை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குடியைப் பரப்புகிறேன் என்று திட்ட வருகிறவர்களுக்கும் ஒன்று: கீழே இருப்பது முழுக்க நுண்ணுயிர் வளர்ப்பு.

ஏல் வகைக்கு ஒரு மில்லிலீற்றர் வோர்ட்டுக்கு (நொதிக்காத மால்ட் சாறு), ஒரு பாகை பிளேட்டோவுக்கு (சாற்றின் சர்க்கரைச் செறிவை அளக்கும் அலகு), ஏழரை இலட்சம் ஈஸ்ட் கலங்கள் தேவை. லாகருக்கு (குளிரில் நொதிக்கும் பியர்) இரண்டு மடங்கு. 1.050 என்பது ஏறத்தாழ 12.4 பிளேட்டோ. ஆக 20,000 × 12.4 × 7.5 இலட்சம் = 18,600 கோடி கலங்கள். வழமையான திரவ பக்கற் ஒன்றில் புதிதாக இருக்கும்போது 10,000 கோடி அளவில் இருக்கும். சில நிறுவனங்கள் இப்போது அதைவிடக் கூடுதலாகவும் அடைக்கின்றன, உறையைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போகும் என்று வைப்பதுதான் பாதுகாப்பான கணக்கு. இரண்டு மாதத்தில் 6,400 கோடி மிஞ்சும். ஐஸ் பை உருகி, ரிஜிபோம் பெட்டி சூடாக வந்து சேர்ந்திருந்தால் இன்னும் குறையும். நான் 5,500 கோடி என்று வைக்கிறேன். இது நுணுக்குக்காட்டியில் எண்ணிய கணக்கில்லை, மதிப்பீடு. ஆனால் குறைத்து மதிப்பிட்டால் நட்டம் கொஞ்சம் மால்ட் மட்டுமே, கூட்டி மதிப்பிட்டால் 20 லீற்றரும் போகும்.

அடுத்தது வளர்ச்சி. லீற்றர் கணக்கில் யோசிப்பதை விட்டுவிடுங்கள், ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு தண்ணீர் இல்லை, மால்ட். ஒரு கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டுக்கு, சும்மா வைத்தால் சுமார் 40 கோடி புதிய கலங்கள் உருவாகும். அடிக்கடி குலுக்கினால் 62 கோடி. காந்தக் கலக்கியில் சுற்றவிட்டால் 140 கோடி வரை போகும். நீங்கள் நினைத்த ஒரு லீற்றரில் 100 கிராம் போடுவீர்கள். குலுக்கினாலும் 5,500 + 6,200 = 11,700 கோடிதான். 2.25 லீற்றரில் 225 கிராம் போட்டுக் குலுக்கினால் 19,450 கோடி. அதுதான் உங்களுக்கான அளவு. காந்தக் கலக்கி கிடைத்தால் ஒரு லீற்றரே 19,500 கோடி தரும், அப்போது நீங்கள் நினைத்தது சரி. லாகர் என்றால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்: முதலாவது முடிந்ததும் குளிரவைத்து மேல் நீரை ஊற்றிவிட்டு, 300 கிராம் போட்ட மூன்று லீற்றர் புதிய வோர்ட்.

100 கிராம் மால்ட்டோடு தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒரு லீற்றராக்கினால் அடர்த்தி 1.037 அளவில் நிற்கும். 1.030க்கும் 1.040க்கும் இடையில் வைத்திருங்கள். நல்ல சாப்பாடு போடுகிறேன் என்று 1.060க்கு ஏற்றினால் ஈஸ்ட் களைத்துப்போய்த்தான் பியருக்குள் போகும். பாகு வடிவ எக்ஸ்ட்ராக்ட் என்றால் 100க்குப் பதில் 120 கிராம். கடையில் போத்தலில் விற்கும் மால்ட் பானத்தூள் வேண்டாம், அதில் பால்மாவும் சீனியும் சேர்ந்திருக்கும். வெறும் சீனிக் கரைசலும் வேண்டாம். அதில் நைதரசன் இல்லை, அதில் வளர்ந்த ஈஸ்ட் வோர்ட்டின் சர்க்கரையான மோல்ட்டோசைக் கண்டதும் திணறும்.

பெரிய சட்டியில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது, நுரை ஒரே மூச்சில் பொங்கும். பிறகு மூடியைப் போட்டு ஐஸ் தண்ணீரில் சட்டியை இறக்குங்கள். இங்கே குழாய்த் தண்ணீரே 27, 28 பாகை. ஐஸ் இல்லாமல் 25க்கு இறங்காது. ஆறிய பிறகுதான் கண்ணாடிச் சாடிக்கு மாற்ற வேண்டும். சாதாரணக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும். 2.25 லீற்றருக்கு 5 லீற்றர் சாடி எடுங்கள், நுரைக்கும் குலுக்கலுக்கும் இடம் வேண்டும். சாடி, புனல், கத்தரிக்கோல், பக்கற்றின் வெளிப்பக்கம் எல்லாவற்றுக்கும் பாமசியில் வாங்கும் 70 சதவீத அற்ககோல் போதும். ஆனால் முதலில் கழுவிச் சுத்தமாக்க வேண்டும், அழுக்கின் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

ஈஸ்ட்டைச் சாடியில் ஊற்றிய பிறகு காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) போடாதீர்கள். அலுமினியத் தாளைத் தளர்வாக மூடினால் காபனீரொட்சைட் வெளியேறும், ஒட்சிசன் கொஞ்சம் உள்ளே போகும். கலமென்சவ்வு கட்ட ஒட்சிசன் வேண்டும். குசினிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சுழற்றுச் சுழற்றிவிடுங்கள். எறும்பும் பழ ஈயும் மால்ட் மணத்துக்கு வந்தே தீரும், பழ ஈ காலில் வினாகிரிப் பற்றீரியாவைக் கொண்டுவரும். சாடியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்தால் எறும்பு நின்றுவிடும். ஈக்குத் தாளைக் கழுத்தோடு அமத்திவிடுங்கள், காற்று அதற்குள்ளாலும் போகும். வெப்பத்துக்கு ஈரத்துணி சுற்றி ஃபேன் போடச் சொல்வார்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் அதனால் இரண்டு மூன்று பாகைதான் குறையும். பேசினில் தண்ணீர் விட்டு, உறையவைத்த போத்தலைக் காலையும் மாலையும் மாற்றினால் 24, 25இல் நிற்கும். ஸ்டார்ட்டரைப் பொறுத்தவரை 27 வரை பரவாயில்லை. பியர் நொதிக்கும்போதுதான் அந்த வெப்பம் சுவையைக் கெடுக்கும்.

24 முதல் 36 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நுரை இரவில் எழும்பி விடியுமுன் அடங்கியிருக்கலாம், காணவில்லை என்று பதற வேண்டாம். கலங்கிப் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தால் வளர்ந்திருக்கிறது. அடர்த்தியை அளந்தால் 1.010 பக்கம் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கொதிக்கவைத்த வோர்ட்டைப் போத்தலில் அடைத்து அடுத்த தடவைக்கென்று அலுமாரியில் வைக்காதீர்கள். ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் பூ) போடாத வோர்ட்டின் அமிலத்தன்மை குறைவு, பி.எச். 5க்கு மேல். பொட்டுலினம் பற்றீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை, காற்றில்லாத போத்தலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். 121 பாகைக்குப் போகும் பிரஷர் குக்கரில் முறைப்படி வேகவைத்தால்தான் வெளியில் வைக்கலாம். இல்லையென்றால் அன்றன்று காய்ச்சுங்கள்.

வோர்ட்டில் சேர்க்கும் ஈஸ்ட் சத்துத்தூள் கிடைக்காவிட்டால் பாண் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டியைக் கொதிக்கும் வோர்ட்டிலேயே போடுங்கள். அது செத்து, மற்றதற்கு உணவாகும். பாண் ஈஸ்ட் என்றதும் இதையும் சொல்லாமல் போக முடியவில்லை. சில கடைகளில் அதை வெயில் படும் கண்ணாடி ஓரத் தட்டில் மாதக்கணக்கில் வைத்திருக்கக்கூடும். வீட்டில் பாண் சுடும் பெண்கள் மா எழும்பாததற்குத் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். கை அல்ல, பக்கற் செத்தது. 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் காசைக் கேளுங்கள்.

“உலர் ஈஸ்ட் வாங்கினால் இந்தத் தொல்லை எதற்கு” என்று பின்னூட்டம் வரும். நியாயம்தான், உலர் ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ட்டர் தேவையே இல்லை. காயவைக்கும்போதே சேமிப்புச் சத்து அதற்குள் இருக்கிறது, ஸ்டார்ட்டரில் போட்டால் அது வீணாகச் செலவாகும். ஆனால் நீங்கள் கேட்டது கையில் இருக்கும் திரவ ஈஸ்ட்டைப் பற்றி, எல்லா வகையும் உலர் வடிவில் கிடைப்பதுமில்லை.

கடைசியாக, முடிந்த ஸ்டார்ட்டரை 24 மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கரண்ட் போனாலும் கதவைத் திறக்காவிட்டால் சில மணித்தியாலம் தாங்கும். அடியில் வெள்ளைப் படலமாகப் படிந்ததும் மேல் நீரை மெதுவாக ஊற்றி, 200 மில்லிலீற்றர் மட்டும் மிச்சம் விடுங்கள். ஊற்றிய நீரில் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். தட்டையான, இனிப்பில்லாத பியர்போல இருந்தால் நல்லது. வினாகிரிப் புளிப்போ, மேலே தோல்போலப் படலமோ இருந்தால் முழுவதையும் கொட்டிவிட்டு உலர் பக்கற் ஒன்றை வாங்குங்கள். நல்லதாயிருந்தால் மிச்சத்தோடு படிவைக் கலக்கி, 20 பாகைக்கு இறங்கிய வோர்ட்டில் ஊற்றுங்கள். வோர்ட் 28இல் நிற்கும்போது அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம், ஸ்டார்ட்டர் ஃபிரிட்ஜிலேயே இன்னும் ஒரு நாள் காத்திருக்கும்.