மஸ்கட் 2022: முதல் பத்தில் யாருமின்றி வெண்கலம் எப்படி?

நடைப்போட்டியில் குழுப் பதக்கத்துக்கு நடந்து முடித்த நேரம் கணக்கில்லை. ஒரு நாட்டின் முதல் மூவர் பெற்ற இடங்களைக் கூட்டுவார்கள், தொகை குறைந்த நாடே முன்னிலை பெறும். மஸ்கட்டில் 2022-இல் நடந்த உலக நடைப்போட்டிக் குழு சாம்பியன்ஷிப்பின் மகளிர் 20 கி.மீ. பிரிவில், முதல் பத்து இடங்களுக்குள் ஓர் இந்தியரும் இல்லாதபோது இந்தியாவுக்கு வெண்கலம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். பாவனா ஜாட், ரவீணா, முனிதா பிரஜாபதி மூவரின் இடங்களையும் கூட்டினால் 66 புள்ளிகள். சீனாவுக்கும் கிரீஸுக்கும் அடுத்த இடம்.

நீங்கள் தனிநபர் பட்டியலோடு நின்றிருக்கக்கூடும். அதே பட்டியலில் நாடுவாரியாக முதல் மூன்று இடங்களைக் கூட்டிப் பாருங்கள், வரிசை தானே விளங்கும். மூன்றாவதாக வருபவரின் உழைப்பை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒன்றைக் கவனியுங்கள்: நடைவிதி மீறலுக்காக நடுவர்கள் தரும் சிவப்பு அட்டை நான்காகித் தகுதி இழந்தவரின் இடம் சேராது, மூவர் முடிக்காவிட்டால் குழுவுக்குப் புள்ளியே கிடையாது. 20 வயதுக்குட்பட்டோர் பிரிவிலோ இருவரின் இடங்கள் மட்டுமே கூட்டப்படும்.