எஸ்க்யூஎல் சர்வர் 2014-இலிருந்து 2019-க்கு மாறிய பின், தரவு வகை எதையும் தொடாமலே பிழை வருவது ஏன்?

புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்தபோது எல்லாம் ஒழுங்காக இயங்கியது என்றும், கம்பேட்டிபிலிட்டி லெவலை (தரவுத்தளம் எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்பை) 120-இலிருந்து 150-க்கு உயர்த்திய பிறகு, பதிவைத் திருத்திச் சேமிக்கையில் சில நேரங்களில் மட்டும் "வேறொருவர் இதை மாற்றிவிட்டார்" என்ற பிழை எழுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக மாற்றிய நேரம் டேட்டைம் புலத்தில் இருப்பதாகவும், அதை ஒப்பிட்டே சேமிப்பதாகவும் கூறுவதால், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

டேட்டைம் நேரத்தை ஒரு நொடியின் முந்நூற்றில் ஒரு பங்காகச் சேமிக்கிறது. ஆகவே மில்லிநொடியின் கடைசி இலக்கம் எப்போதும் 0, 3, 7 ஆகிய மூன்றில் ஒன்றாகவே தெரியும். திரையில் .003 என்று தெரிவது உண்மையில் .00333 என நீளும் பின்னம். அதை டேட்டைம்2 (இன்னும் நுண்ணிய நேர வகை) ஆக மாற்றும்போது 120 வரையிலான லெவல்கள் .0030000 என்று தந்தன. எஸ்க்யூஎல் சர்வர் 2016-உடன் வந்த 130 முதல் .0033333 என்று கிடைக்கிறது. உங்கள் செயலி .003 என்று படித்ததை அப்படியே டேட்டைம்2 அளவுருவாகத் திருப்பி அனுப்பினால் (செயலியைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் நூலகமான என்டிட்டி ஃபிரேம்வொர்க் 6 வழக்கமாக இப்படித்தான் அனுப்பும்), தரவு வகைகளின் முன்னுரிமை விதிப்படி புலத்தின் மதிப்புதான் டேட்டைம்2 ஆக மாற்றப்படும். இரண்டும் பொருந்தாததால் ஒரு பதிவும் திருத்தப்படாது. செயலியோ யாரோ குறுக்கிட்டதாக எண்ணிக்கொள்ளும். 0-இல் முடியும் நேரங்கள் மட்டும் துல்லியமாகப் பொருந்திவிடுவதால்தான் பிழை விட்டுவிட்டு வருகிறது, நெட்வொர்க்கின் மேல் வீண்பழியும் விழுகிறது.

.003-இல் முடியும் ஒரு டேட்டைம் மதிப்பை இரண்டு லெவல்களிலும் டேட்டைம்2 ஆக மாற்றிப் பாருங்கள், ஐயம் தீர்ந்துவிடும். ரீஸ்டோர் செய்த தரவுத்தளம் தன் பழைய லெவலையே வைத்துக்கொள்ளும் என்பதால், அந்த நிலையில் செய்த சோதனை இதைக் காட்டியிருக்க வாய்ப்பில்லை.

உடனடித் தேவைக்கு லெவலை 120-க்கு இறக்கலாம். 2019 அதை ஏற்கும். அளவுருவின் வகையை டேட்டைம் என்று வெளிப்படையாக அறிவிப்பது அடுத்த எளிய வழி. புலத்தையே டேட்டைம்2(3), அதாவது மில்லிநொடி வரை மட்டும் வைக்கும் வகை, ஆக்குவதானால், அதன் மேலுள்ள இண்டெக்ஸ்களை நீக்கி மீண்டும் உருவாக்க வேண்டும். ஸ்டோர்டு புரொசீஜர்களில் (தரவுத்தளத்திலேயே சேமித்த நிரல்களில்) டேட்டைம் என அறிவித்த மாறிகளையும் அதே வேளையில் மாற்றாவிட்டால், இதே சிக்கல் எதிர்த்திசையில் முளைக்கும். என்னைக் கேட்டால், இடையில் பதிவு திருத்தப்பட்டதா என்பதைச் சரிபார்க்கும் வேலையை நேரத்திடமிருந்து பிடுங்கி, அதற்கென்றே உள்ள, பதிவு திருத்தப்படும்போதெல்லாம் தானாக மாறும் ரோவெர்ஷன் புலத்திடம் ஒப்படைத்துவிடுவேன்.