காது கேட்காத ராஜபாளையம் நாயைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ராஜபாளையத்துக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஃப்ளாட்டில் அவன் ஆட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா? கொடுப்பது துரோகமா?

பதில்: வேறு வீட்டுக்குக் கொடுப்பதில் தப்பில்லை. தோட்டத்துக்காரரிடம் மட்டும் நாலு கேள்வி கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன். பதினோராம் நாள் போய்த் திரும்பக் கூட்டிவந்தேன்.

எங்களிடம் இருந்தவன் பெயர் பனி. பெயர் வைத்தது எங்கள் வசதிக்குத்தான், அவன் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வேளச்சேரியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அம்மாவும் அவனும்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறதே என்று விற்றவரிடம் கேட்டேன். "குட்டி சார், விளையாட்டுப் புத்தி, போகப்போக சரியாயிடும்" என்றார். தீபாவளியன்றுதான் விஷயம் புரிந்தது. தெருவில் பத்தாயிரம் வாலா வெடிக்கிறது, எதிர்வீட்டு லாப்ரடார் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறது, இவன் ஹால் நடுவில் மல்லாந்து காலைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறான்.

முன்பே தெரியாமல் போனதற்குத் தரைதான் காரணம். தட்டு விழுந்தால் திரும்புவான், கதவை அறைந்தால் எழுந்துவிடுவான். எல்லாம் காலுக்கடியில் வந்த அதிர்வு. மருத்துவர் அவன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார், காது மடல்கூட அசையவில்லை. திட்டவட்டமாகச் சொல்ல 'பேயர்' என்று ஒரு மின்சோதனை இருக்கிறது, ஆனால் எங்களுக்கு இதுவே போதுமாக இருந்தது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் ஒலியை வாங்கும் செல்கள் செத்துவிடுமாம். மருந்து கிடையாது. எந்த வெள்ளை உடம்பையும் ரோஜா நிற மூக்கையும் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினோமோ, 2005இல் தபால்தலையில்கூட ஏறிய அந்த அழகு, அதன் மறுபக்கம் இது.

வேட்டைக்கென்றே வளர்த்த இனம். காலையில் ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிவந்தால், அப்போதுதான் தூங்கி எழுந்தவன் மாதிரி நிற்பான். அவனைக் கூப்பிட அம்மா கண்டுபிடித்த வழி, காலால் தரையை 'டொம்' என்று உதைப்பது. அவன் எங்கிருந்தாலும் ஓடிவருவான். கீழ்வீட்டுக்காரரும் ஓடிவந்தார், "மேல என்ன சார் நெல்லு குத்துறீங்களா?" என்று. அதெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டிவிட்டோம். ஒருநாள் அவன் பாய்ந்து வந்ததில் அம்மா சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தோம்.

இனி அந்தத் தோட்டத்துக் கதை. நாலு ஏக்கர், மாமரம், கிணறு. ஓடியாட இடம் கிடைத்தது என்று நிம்மதியாக வந்தேன். போய்ப் பார்த்தால் கேட் பக்கத்தில் இரண்டு முழ இரும்புச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். மூக்குத் தோல் வெயிலில் வெந்து உரிந்திருந்தது, வெள்ளைத் தோல் நாய்க்கு வெயில் ஆகாது. காவல்காரர் சோறு வைக்கப் பின்னாலிருந்து வந்திருக்கிறார், தூங்கியவன் திடுக்கிட்டு அவர் கையைக் கவ்விவிட்டான். அன்றைக்கே "கடிநாய்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேண்டியது காவல்நாய், யார் வந்தாலும் குரைக்கிற நாய். கேட் திறக்கிற சத்தமே கேட்காதவனை அங்கே கொண்டுபோய் விட்டது என் தப்பு. அவிழ்த்துவிட்டிருந்தாலும் வேலியைத் தாண்டினால் ரோடு, லாரி ஹாரன் அவனுக்குக் கேட்காது. இந்த மாதிரி நாய்க்கு இடம் இரண்டாம்பட்சம். நாளைக்கு இரண்டு மணி நேரம் அவனோடு செலவழிக்கிற ஆள் வேண்டும். மொட்டை மாடியும் அப்படி ஓர் ஆளும் இருந்தாலே போதும்.

அந்தத் தோட்டக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: பகலில் எங்கே இருப்பான், கட்டிப்போடுவீர்களா, சுற்றி அடைப்பு இருக்கிறதா, சோறு வைப்பது யார்? "சும்மா காவலுக்குத்தான்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து, கொடுப்பதற்கு முன்னால் கருத்தடை செய்துவிடுங்கள். எனக்கு வந்த போன்களில் பாதி இப்படித்தான்: "காது கேக்காட்டி என்ன சார், மேட்டிங்குக்கு ஆகும்ல?" இந்தச் செவிட்டுத்தன்மை பரம்பரையாக இறங்குவது. அறுவை முடிந்த காகிதத்தைக் காட்டிய பிறகு அந்த போன்கள் நின்றுவிட்டன. காப்பகத்தில் விடலாமா என்று நானும் விசாரித்தேன். நெரிசலில், பின்னாலிருந்து எது வருகிறதென்றே தெரியாதவன் என்ன பாடுபடுவான் என்று யோசித்து விட்டுவிட்டேன். தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், அதாவது இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. சட்டத்தை நம்பி நாயை விட முடியாது.

முதலில் நான் போட்ட விளம்பரம் "அன்பான, அழகான ராஜபாளையம்". நாற்பது பேர் கேட்டார்கள், காது கேட்காது என்றதும் லைன் கட். இரண்டாவது தடவை மாற்றி எழுதினேன்: "காது கேட்காது. தினம் ஓட வேண்டும். செருப்பு, சோபா எதுவும் மிஞ்சாது. கயிறில்லாமல் வெளியே விட முடியாது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டேன்." மூன்றே பேர் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் தாம்பரத்துக்காரர், மாரத்தான் ஓடுகிறவர், வீட்டில் ஒரு வயதான நாட்டு நாய் ஏற்கெனவே உண்டு. முதல் கேள்வியே "தூங்கும்போது எப்படி எழுப்புவீங்க?" என்று கேட்டார். மூக்குக்கு முன்னால் கையை வைத்தால் வாசனையில் எழுவான் என்றேன். ஆள் கிடைத்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவசரப்படவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து எங்களோடு நடந்தார், சைகைகளைப் பழகினார். கட்டைவிரல் உயர்த்தினால் சபாஷ், உள்ளங்கை காட்டினால் உட்கார், டார்ச்சை இரண்டு முறை மினுக்கினால் வா. பிறகு அவர் வீட்டைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கிழட்டு நாட்டு நாய் காதை நிமிர்த்தினால் இவனும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தான். இதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மாதம் பார்க்கலாம், சரிவராவிட்டால் எங்களிடமே திரும்ப வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். தடுப்பூசி அட்டையைக் கொடுத்தேன். கழுத்துப்பட்டையில் "எனக்குக் காது கேட்காது" என்று வில்லை, அதில் அவருடைய நம்பர்.

கூடவே மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். எப்போது சாப்பிடுவான், எதைப் பார்த்தால் மிரளுவான், எல்லாம். முழுசாக எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு அவரிடமிருந்து மெசேஜ்: "சார், மூணு நாளா ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான். ரூமைச் சுத்திச் சுத்தி வந்து முனகுறான்." எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலையில் அம்மாவிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்க வீட்ல ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சிடுவாங்களா?" எங்கள் பூஜை அலமாரியில் ஜீரோ வாட் பல்பு விடிய விடிய எரியும். காது கேட்காதவனுக்குக் கண்ணும் தெரியாமல் போனால் என்ன செய்வான்? இருபது ரூபாய் பல்பு வாங்கி மாட்டினார், அன்றைக்கே தூங்கிவிட்டான். நீங்கள் குறிப்பு எழுதும்போது, பகலில் அவனோடு இருப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.