ஒண்டியா என்ன ஜெயிச்சாங்க? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

சென்ற வாரம் டென்னிஸ் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், ‘சானியா மிர்சா இரட்டையரில் வாங்கிய ஆறு கிராண்ட் ஸ்லாம் கோப்பைகளைவிட, ஒற்றையர் உலகத் தரவரிசையில் அவர் தொட்ட 27-ஆம் இடம்தான் எனக்குப் பெரிது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் பெரிய சண்டை.

என் மகளுக்கு 11 வயது. வாரத்தில் மூன்று நாள் நுங்கம்பாக்கம் பக்கம் டென்னிஸ் பயிற்சிக்கு அழைத்துப் போய் வருகிறேன். போன மாதம் அவளுடைய கோச், “இவளை இனிமே டபுள்ஸ்ல போடலாம்மா” என்றார். வழியெல்லாம் பேசாமல் வந்தவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அழுதுவிட்டாள். என் கொழுந்தனார், “சானியாவே ஜோடி போட்டு ஆடினவங்கதானே? ஒண்டியா என்ன ஜெயிச்சாங்க? இதுக்கா இவ்ளோ செலவு?” என்கிறார். போதாததற்கு உங்கள் வரியை போனில் எடுத்து என்னிடமே காட்டுகிறார். டபுள்ஸ் என்றால் மட்டமா அண்ணா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா? பதில் எழுதினால் அவரிடம் காட்டுவேன். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கொழுந்தனார் கெட்டிக்காரர். அந்த வரியை நான் விளக்கமில்லாமல் போகிற போக்கில் எழுதிவிட்டேன், அவர் பிடித்துக்கொண்டார். வரியை வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் அவர் நினைக்கிற அர்த்தம் அதற்கு இல்லை.

முதலில் அவர் கேள்விக்கு நேர் பதில். சானியா ஒண்டியாக ஜெயித்த டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) பட்டம் ஒன்றே ஒன்று: 2005 பிப்ரவரியில், சொந்த ஊரான ஹைதராபாத்தில். அதற்கு முந்தின மாதம் ஆஸ்திரேலிய ஓபனில் மூன்றாம் சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அதற்கடுத்த மாதம் துபாயில் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை ஒரு செட்கூட விடாமல் வீழ்த்தினார். குஸ்னெட்சோவா அப்போது அமெரிக்க ஓபன் சாம்பியன். அதே வருடம் அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்று. அங்கே ஷரபோவா நிறுத்தினார். இதெல்லாம் நடந்தபோது சானியாவுக்கு வயது 18. 2007 ஆகஸ்ட் 27 அன்று வந்த பட்டியலில் 27-ஆம் இடம். பட்டம் ஒன்றுதானே என்று இதைத் தள்ளிவிட்டால் டென்னிஸ் எப்படி நடக்கிறது என்பதே விளங்காது.

ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகள்தான் கிராண்ட் ஸ்லாம். ஒவ்வொன்றிலும் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். 104 பேர் தரவரிசையை வைத்து நேராக உள்ளே போவார்கள். 8 இடம் வைல்ட் கார்டு, போட்டி நடத்துகிறவர்கள் மனசு வைத்துத் தருவது. மிச்சம் 16 இடத்துக்கு வெளியே இன்னொரு 128 பேர் மூன்று சுற்று மோதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் குவாலிஃபையிங். இப்போது பணத்தைப் பாருங்கள். 2025 விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போன ஒற்றையர் ஆட்டக்காரருக்கு 66,000 பவுண்டு. நம் காசில் ஏறத்தாழ முக்கால் கோடி. இப்படி வருடத்துக்கு நான்கு போட்டிகள். முதல் நூற்றுக்குள் இருப்பவருக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் கோச் சம்பளம், விமான டிக்கெட், ஓட்டல் வாடகை எல்லாம் கையில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உலகமே வேறு. ஏணியின் முதல் படியில் இருக்கும் சர்வதேசப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர், இரட்டையர் என்று வந்த அத்தனை பேரும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தோற்றால் வந்து போன செலவுக்குக்கூட ஆகாது.

கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனை உங்கள் கொழுந்தனார் கேள்விப்பட்டிருப்பாரா தெரியவில்லை. 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை ஜெயித்தவர். நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். அவர் எட்டிய உச்ச இடம் 134. நன்றாக ஆடுகிறவர், ஆனால் நான் சொன்ன கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு பெரிய போட்டியிலும் வாசலில் நின்று மோதித்தான் உள்ளே வர வேண்டும். 134-க்கும் 27-க்கும் நடுவில் எத்தனை ஊர், எத்தனை விமானம், யாருமே பார்க்காத எத்தனை ஆட்டம் இருக்கிறது என்று யோசித்துத்தான் அந்த வரியை எழுதினேன். இதை எழுதும்போது அந்த 27-ஐ வேறு எந்த இந்தியப் பெண்ணும் தொட்டதில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பதினைந்து நாள் உண்டு. 2006 செப்டம்பர். கொல்கத்தாவில் முன்னாள் உலக நம்பர் ஒன் மார்ட்டினா ஹிங்கிஸ் சானியாவை உட்கார வைத்து வெளுத்தார், மொத்தமே ஒரு கேம்தான் விட்டுக்கொடுத்தார். அடுத்த வாரம் சியோல். எதிரே மறுபடியும் ஹிங்கிஸ். முதல் செட்டை இழந்தும் சானியா ஜெயித்தார். ஒரு வார இடைவெளியில் அதே ஆளிடம் போய் நிற்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். (ஒன்பது வருடம் கழித்து இதே ஹிங்கிஸ் வேறு வேஷத்தில் வருவார்.)

அப்புறம் உடம்பு. சானியாவின் பலம் முழுக்க அந்த ஃபோர்ஹேண்ட், அதாவது வலக்கைப் பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி. சுழற்சி அதிகமில்லாமல், தட்டையாக, மணிக்கட்டைச் சாட்டை மாதிரி சுண்டி அடிப்பார். பந்து எதிராளிக்கு யோசிக்க நேரம் தராது. சர்வீஸ் சுமார்தான், ஓட்டமும் அப்படித்தான். அந்த இரண்டையும் ஒரே அடியால் ஈடுகட்டினார். எந்த மணிக்கட்டு 27 வரை தூக்கியதோ அதுவே கைவிட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் முதல் சுற்றிலேயே வலி தாங்காமல் பாதியில் விலகினார். மணிக்கட்டிலும் இரண்டு முட்டியிலுமாக மூன்று அறுவை சிகிச்சை. திரும்ப வந்தார், ஆனால் பழைய இடம் கிடைக்கவில்லை. 2013-ல் ஒற்றையர் போதும் என்று முடித்துக்கொண்டார்.

இங்கேதான் உங்கள் கொழுந்தனாரின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைப்பானேன். ஒற்றையரில் முதல் இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரட்டையர் பக்கம் வருவதில்லை. பரிசும் ஒற்றையரோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான், அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் நான் கோப்பைகளைவிட 27-ஐ மேலே வைத்தேன். ஆனால் கேரம் ஆடியவர் யாராவது டபுள்ஸை மட்டம் என்பார்களா? அவரைப் போய் உங்கள் தெரு கிளப்பில் கேட்கச் சொல்லுங்கள்.

நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு கேரம் கிளப்பில் பவுடர் வாசனையோடு வளர்ந்தவன். சிங்கிள்ஸில் தெருவையே மிரட்டும் அண்ணன்கள் சிலர் டபுள்ஸில் உட்கார்ந்தால் ஜோடியைக் கொன்றுவிடுவார்கள். தன் காயினைப் போட்டுக்கொண்டே போவார்கள், கடைசியில் நிற்கும் ஒன்று எதிரே உட்கார்ந்திருக்கும் ஜோடியின் கைக்கு எட்டாத மூலையில் கிடக்கும். நல்ல ஜோடி, தான் தவறவிட்டாலும் அடுத்தவருக்கு ஒரு காயினைப் பாக்கெட் வாயில் வைத்துவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கரைத் தள்ளும். நம் பக்கத்துக் காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கினாரே, அதில் ஒன்று இரட்டையர் தங்கம். அதை யாரும் முக்கால் தங்கம் என்று சொல்லவில்லை.

சானியா, ஹிங்கிஸ் ஜோடியைப் பாருங்கள். 2015 மார்ச்சில் சேர்ந்தார்கள். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று வரிசையாக மூன்று பட்டம். ஏப்ரல் 13-ல் சானியா இரட்டையர் உலகத் தரவரிசையில் முதலிடம். பின்னால் நின்று சானியா அந்த ஃபோர்ஹேண்டால் போட்டுத் தாக்க, பந்து தடுமாறி வரும் இடத்தில் ஹிங்கிஸ் வலையோரம் ஏற்கெனவே நின்றிருப்பார். ஓட்டம் குறைந்தாலும் மணிக்கட்டு முழுசாகத் தாங்காவிட்டாலும், 36 அடி அகலக் கோர்ட்டில் பாதியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்ததால் அந்த அடி உயிரோடு இருந்தது.

அந்த வருட விம்பிள்டன் இறுதியாட்டத்தை நான் விடிய விடியப் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான், நம் ஊர் நேரப்படி அது இரவுதான். எதிரே மகரோவா, வெஸ்னினா என்று ரஷ்ய ஜோடி. சானியா ஜோடிக்கு முதல் செட் போய்விட்டது, இரண்டாவது, 6-6 ஆன பிறகு ஆடும் டைபிரேக்கில் வந்தது. மூன்றாவதில் 2-5 என்று பின்னால் இருந்தார்கள். அங்கிருந்து 5-5. வெளிச்சம் போகிறது என்று ஆட்டத்தை நிறுத்திக் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து இரண்டே கேம், 7-5. அமெரிக்க ஓபனும், 2016 ஆஸ்திரேலிய ஓபனும் இதே ஜோடிக்குத்தான். தொடர்ந்து 41 ஆட்டங்கள் தோற்காமல் போய், 2016 பிப்ரவரியில் தோஹாவில்தான் அது நின்றது. மற்ற மூன்று ஸ்லாம்கள் கலப்பு இரட்டையரில்: 2009 ஆஸ்திரேலியாவும் 2012 பிரெஞ்சும் மகேஷ் பூபதியோடு, 2014 அமெரிக்கா புரூனோ சோரஸோடு.

2018-ல் சானியாவுக்குக் குழந்தை பிறந்தது. 2020 ஜனவரியில் திரும்பி வந்து ஹோபர்ட்டில் ஆடிய முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம். 2023 பிப்ரவரியில் துபாயில் கடைசி ஆட்டம், வயது 36.

இனி உங்கள் மகள். சானியா பெயர் முதன்முதலில் பெரிதாக அடிபட்டது எதனால் தெரியுமா? 2003-ல், 16 வயதில், விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம். அலிசா கிளேபனோவா ஜோடி. டபுள்ஸ் ஜெயித்த அந்தப் பெண்தான் நான்கு வருடம் கழித்து ஒற்றையரில் 27-க்குப் போனாள். இதை மகளிடம் இன்று இரவே சொல்லுங்கள்.

கோச்சிடம் ஒன்று கேளுங்கள்: “சார், டபுள்ஸ்லயா, டபுள்ஸ்லயுமா?” அவர் சொன்னதில் ஒரு ‘உம்’ விட்டுப்போயிருந்தால் பயமே இல்லை. 11 வயதில் டபுள்ஸ் நல்ல பயிற்சி. வலைக்கு வரப் பயம் போகும், இரண்டாவது சர்வீஸைத் துணிந்து போட வேண்டிவரும், பக்கத்தில் இருப்பவளோடு பேசப் பழகுவாள். டபுள்ஸில் மட்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். ஓட்டம் போதாது, பேக்ஹேண்ட் நிற்கவில்லை என்று ஏதாவது காரணம் சொன்னால் அதைச் சரிசெய்ய இன்னும் வருடங்கள் இருக்கின்றன. சர்வதேச ஜூனியர் போட்டிக்கே 13 வயது ஆக வேண்டும். காரணம் சொல்லாமல் மழுப்பினால், வேறு கோச்சிடம் ஒருமுறை காட்டுவதில் தப்பில்லை.

பிழைக்க முடியுமா என்றால், இந்த ஆட்டம் மட்டும் போட்டு மிகச் சிலர்தான் பிழைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கைக் கொழுந்தனாரிடம் அப்படியே காட்டுங்கள், அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. கேரமுக்கு ஒரு பலகை போதும், வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தும் மைதானமும் போதும். டென்னிஸுக்கு 78 அடி நீளக் கோர்ட் வேண்டும், அறுந்துபோகும் ராக்கெட் நரம்பை மாற்ற வேண்டும், மாதாமாதம் பணம் வேண்டும். நம் பேட்டையில் டென்னிஸ் பந்து என்று கேட்டால் கிரிக்கெட்டுக்குத்தான் எடுத்துத் தருகிறார்கள். கடன் வாங்கி ஆட வைக்காதீர்கள். படிப்பை விடவும் விடாதீர்கள். 14 வயது வரை பார்த்துவிட்டு, மாநில அளவில் எங்கே நிற்கிறாள் என்று வைத்து மறுபடி பேசுவோம்.

இன்னொன்று. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 2022-லும் 2025-லும் பெண்களுக்கான சென்னை ஓபன் நடந்தது. 2022 இறுதியாட்டத்தில் 17 வயது லிண்டா புருவிர்டோவா முதல் செட்டை விட்டுவிட்டு ஜெயித்ததை நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன், கூட்டம் அள்ளியது. அடுத்த முறை வந்தால் இறுதியாட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். குவாலிஃபையிங் நாளில் போங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ, சென்ட்ரலில் இறங்கி பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில், உங்களுக்குத் தெரியாத வழியா. பக்கத்துக் கோர்ட்டில், மதிய வெயிலில், இருபது பேர்கூடப் பார்க்காத ஆட்டமாக ஒன்று நடக்கும். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு 200-ஆம் இடத்துக்காரி ஒருத்தி ஆடிக்கொண்டிருப்பாள். வேலிக்குப் பக்கத்தில் மகளை உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். கொழுந்தனாரையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் ஒரு டிக்கெட் என் கணக்கில்.

அன்புடன்