அப்பாவின் எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. ஊசி போட்டுச் சதை எடுத்தால் புற்று பரவிவிடுமா?

மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 61 வயது, நாற்பது வருடப் பீடி, ரெண்டு மாதமாக இருமல், இப்போது நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல். டாக்டர் பயாப்ஸி, அதாவது சதை எடுத்துச் சோதிக்கணும் என்கிறார், சொந்தக்காரர்கள் "கை வைக்காதே" என்கிறார்கள். எடுங்கள். ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக மிக அரிது. நான் டாக்டர் இல்லை. ஆனால் சதை எடுக்காமல் மாதங்களைத் தொலைத்த வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

செக்கானூரணியில் எங்கள் அம்மா இருபத்தெட்டு வருடம் திண்ணையில் இட்லி விற்றவர். விறகடுப்புதான். பீடியைக் கையால் தொட்டதில்லை. ஒரு தை மாதம் வறட்டு இருமல் ஆரம்பித்தது. சிரப் கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு. சளியில் கிருமி இல்லை என்றுதான் ரிசல்ட் வந்தது. இருந்தாலும், "டி.பி.யாத்தான் இருக்கும்" என்று ஒரு தனியார் டாக்டர் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் காசநோய் அதிகம், சளியில் கிருமி தெரியாமலும் அது இருக்கலாம், ஆகவே அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. எடை ஏறாமல் இறங்கிக்கொண்டே போனபோதும் சந்தேகத்தை மாற்றிக்கொள்ளாததுதான் தப்பு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் வேறு நம்பினோம். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். ஆடி பிறந்தபோது நாலு படி ஏற மூச்சு வாங்கியது.

பெரியாஸ்பத்திரியில் சி.டி. எடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. அதை ஊசியால் இறக்கினால் ரத்தம் கலந்து வந்தது. நீரைச் சோதனைக்கு அனுப்பியதோடு, கட்டியிலிருந்தும் சதை வேண்டும் என்றார்கள். அங்கேதான் பெரியப்பா மகன் குறுக்கே விழுந்தார். "ஊசி குத்துனா புத்து உடஞ்சு ரத்தத்துல கலந்துரும்டா. வாடிப்பட்டில ஒருத்தரு குத்துன மூணாம் மாசம் போயிட்டாரு." அந்த வாடிப்பட்டிக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார். கடைசியாகத்தான் சதை எடுக்க வருகிறோம், அதற்குள் நோய் முற்றியிருக்கும், பழி ஊசி மேல் விழும். அம்புட்டுதான்.

ஊசியில் உண்மையான தொந்தரவு வேறு. நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசியலாம், சளியில் லேசாக ரத்தம் வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், சிலருக்குக் குழாய் போட வேண்டியிருக்கும். அதனால்தான் சில மணி நேரம் படுக்க வைத்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கட்டி மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் குழாய் வழியாக உள்ளே பார்த்து எடுப்பார்கள், அதுதான் பிராங்காஸ்கோபி.

அம்மாவுக்கு வந்த பெயர் அடினோகார்சினோமா, நுரையீரல் புற்றில் ஒரு வகை. புகை பிடிக்காதவர்களுக்கு அதிகம் வருவது இந்த வகை. நெஞ்சு நீரிலும் புற்றணு இருந்ததால் நாலாம் நிலை. காரணம் அடுப்புப் புகையா என்று கேட்டேன். விறகுப் புகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒரு ஆளைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா கேட்டது வேறு: "அப்ப டி.பி. இல்லைல? என் தட்டை உள்ள கொண்டு போயி ஒண்ணா வையி."

சதை எடுத்ததன் முழு அர்த்தம் அதற்குப் பிறகுதான் புரிந்தது. அதே சதையில் மரபணுச் சோதனை செய்ததில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. இந்தியாவில் இந்த வகைப் புற்றுள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். இருந்தால் கீமோவுக்கு முன்பே மாத்திரை. மாற்றம் இருப்பவர்களுக்கு ஜெஃபிடினிப் என்ற அந்த மாத்திரை கீமோவை விட நன்றாகக் கேட்கிறது, இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல் என்று 2009-இல் வந்த ஐபாஸ் ஆய்வு காட்டியது. ஆக, சோதிக்காமல் மாத்திரை கொடுப்பது குருட்டாம்போக்கு. தினம் ஒன்று, 250 மி.கி. முகமெல்லாம் பரு மாதிரிப் பொரிந்தது, நகக்கண்ணில் புண், அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஆனால் ரெண்டாம் மாதம் அம்மா கொல்லைவரை நடந்தார். பதினாலாம் மாதம் கட்டி மறுபடி வளர்ந்தது. இந்த மருந்து ஒருநாள் கைவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரத்தச் சோதனையில் புது மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்து ஆசிமெர்டினிப் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். இது மூன்றாவது வருடம்.

உங்கள் அப்பா கதை இப்படியே போகும் என்று நினைக்காதீர்கள். பீடி அணைந்து அணைந்து போவதால் இழுத்து இழுத்துக் குடிக்க வேண்டும், வடிகட்டியும் கிடையாது. "சிகரெட்தான் கெடுதல்" என்பது சும்மா பேச்சு. ஆனால் அவருக்கு இருப்பது புற்றுதானா என்பதே இன்னும் தெரியாது. புற்றாகவே இருந்து, சின்னதாக நுரையீரலின் ஒரு மடலுக்குள் (ஒரு பகுதிக்குள்) அடங்கியிருந்தால் அந்த மடலை வெட்டி எடுக்கலாம், குணமாக நல்ல வாய்ப்பு அதுதான். நடு நெஞ்சு நெறிக்கட்டிகளுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து. சிறுசெல் என்ற இன்னொரு வகைப் புற்று என்றால் வேகமாக ஓடும், நாள் கடத்தவே கூடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றோடு மோத விடும் இம்யூனோதெரபியும் இருக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டும்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அரசுப் புற்றுநோய் மையம் மதுரை பாலரெங்காபுரத்தில் இருக்கிறது.

சதை எடுக்கும் முன் ரெண்டு விஷயம் கேளுங்கள். மரபணுச் சோதனைக்குப் போதுமான அளவு எடுப்பார்களா? மெல்லிய ஊசியில் உறிஞ்சுவது பல சமயம் போதாது, தடித்த ஊசியில் துண்டாக எடுக்கும் கோர் பயாப்ஸி என்று கேளுங்கள். அப்புறம், எடுத்த சதையை மெழுகில் பதித்த 'பிளாக்' யாரிடம் இருக்கும்? வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். தொலைந்தால் மறுபடி குத்த வேண்டும்.

பழைய எக்ஸ்ரே எது இருந்தாலும், வேலைக்குச் சேரும்போது எடுத்ததோ, கண் ஆபரேஷனுக்கு எடுத்ததோ, பரணில் தூசி படிந்து கிடந்தாலும், எடுத்துக்கொண்டு போங்கள். அதே நிழல் அன்றும் அதே அளவில் இருந்திருந்தால் அது பழைய தழும்பாக இருக்கலாம். உங்கள் டாக்டர் முதலில் பார்க்க ஆசைப்படுவது அதைத்தான்.